பதினாறாம் தேதி தங்கம்மா எங்கே இருந்தாள்

"ஆமாங்க, என் ரெண்டு கண்ணாலயும் பாத்தனுங்க. சத்யராஜ் கடப்பாரையில இடிச்சுட்டு இருந்தாருங்க. முந்துன நாளே கனகா எங்கிட்டச் சொல்லுச்சுங்க. 'அக்கா, அந்தச் செவுத்தை எடுத்துட்டா பாத்ரூமு பெருசா வருமுங்க்கா'ன்னு."

கூண்டில் நின்று தங்கம்மா இதைச் சொல்லி முடித்தபோது கனகாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. பிறகு கழுத்தில் தொடங்கி முகம் முழுக்கச் சூடு ஏறியது.

பதினேழு வருடமாகத் தெரிந்த குரல் அது. ஏற்காடு மலை மேல் வாழவந்தியில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. ஒரே எஸ்டேட்டில், ஒரே காப்பிச் செடி வரிசையில், இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவளுமாக நின்று பழம் பறிப்பார்கள். கனகாவின் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்து ஆறு நாள் படுத்திருந்தவள் தங்கம்மா. அந்தத் தங்கம்மாதான் இப்போது, கனகா சொல்லவே சொல்லாத ஒரு பேச்சை, கனகா இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொல்லிக் காட்டுகிறாள். பொய்யைவிட அந்த இழுப்புதான் தாங்க முடியவில்லை.

"அக்கா, எழுந்திரிக்காதீங்க," என்று வக்கீல் பர்ஹானா திரும்பிப் பார்க்காமலே கையால் அமர்த்தினாள். கனகா தான் எழுந்து நின்றிருந்ததையே அப்போதுதான் கவனித்தாள்.

வழக்குப் போட்டவர் வீட்டுச் சொந்தக்காரர் தேவசிகாமணி. கனகாவும் கணவன் சத்யராஜும் குடியிருக்கும் வீட்டை இடித்து, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் அறைகளாகக் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்தது. போன டிசம்பர் பதினாறாம் தேதி, மூன்று நாள் விடாத மழையில் ஊறிப்போன பின்பக்கச் சுவர் தானாகச் சரிந்து விழுந்தது. அதை அவர் பிடித்துக்கொண்டார். குடியிருப்பவர்கள் வேண்டுமென்றே வீட்டை இடித்தார்கள், ஆகவே காலி செய்ய உத்தரவிட வேண்டும் என்று சேலம் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டார்.

சுவர் விழுந்தபோது வீட்டில் யாருமே இல்லை. சத்யராஜ் ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு மஞ்சக்குட்டைக்குப் போயிருந்தான். அன்று ஜீப்பில் வந்த யாரும் கோர்ட்டுப் பக்கம் வரத் தயாராக இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில். கனகா எஸ்டேட்டில்.

தங்கம்மா? அவள் வாழவந்தியிலேயே இல்லை. அது எஸ்டேட்டில் கனகா ஒருத்திக்குத்தான் தெரியும்.

குறுக்கு விசாரணைக்கு பர்ஹானா அவகாசம் கேட்டாள். நீதிபதி பதினைந்து நாள் தள்ளிப் போட்டார். தங்கம்மா கூண்டிலிருந்து இறங்கி, கனகா உட்கார்ந்திருந்த பெஞ்சை ஒட்டித்தான் போக வேண்டியிருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஓரமாகக் கிடக்கும் பாம்பைத் தாண்டுகிறவள் மாதிரி தாண்டிப் போனாள்.

வெளியே ஜெராக்ஸ் கடை வாசலில் பர்ஹானா கேட்டாள். "அக்கா, அந்தம்மா அன்னைக்கு எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தாங்களா?"

கனகா ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல், "செக்ரோல்ல பேர் இருக்குமுங்க," என்றாள்.

செக்ரோல் என்பது எஸ்டேட்டின் வருகைப் பதிவேடு. பர்ஹானாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இதை இவ்வளவு நாளா சொல்லாம இருந்தீங்களே! அன்னைக்கு முழுநாள் எஸ்டேட்டுல இருந்த பொம்பளை எப்படி உங்க செவுத்தை வேடிக்கை பாக்க முடியும்? ரைட்டரை ரோலோட வரச் சொல்லி இன்னைக்கே மனுப் போடறேன்." ஏற்காட்டில் ஏரி ஓரத்தில் அவள் அப்பா யூசுப் பாய்க்குக் கடை. கடைக்காரர் மகளுக்கு உரிய சுறுசுறுப்புடன் அவள் அப்போதே படி ஏறிப் போய்விட்டாள்.

சத்யராஜ் கனகாவின் தோளைத் தட்டினான். "பாத்தியா அம்மிணி, கடவுள் இருக்கான்."

செக்ரோலில் தங்கம்மா பேர் இருந்ததற்குக் கடவுள் காரணமில்லை, கனகாதான் காரணம்.

டிசம்பரில் விடிகாலை மூடுபனி எஸ்டேட்டை மூடியிருக்கும். பேர் கூப்பிடும் ரைட்டர் அங்கப்பனுக்கு எதிரே நிற்கிறவர்களின் குடையும் கம்பளியும்தான் தெரியும், முகம் தெரியாது. பேரைக் கூப்பிடுவார், பனிக்குள்ளிருந்து "இருக்கனுங்க" என்று குரல் வரும், எழுதிக்கொள்வார். யாருக்காவது தவிர்க்க முடியாத காரியம் வந்தால் வரிசைக் கூட்டாளி இன்னொரு குரலில் "இருக்கனுங்க" சொல்வாள். அதற்கு 'பேர் கொடுப்பது' என்று பெயர். கொடுத்தவள் சாயங்காலம் அவளுடைய சாக்கையும் சேர்த்து நிரப்பி அளவுக்கு வைக்க வேண்டும். பிடிபட்டால் இருவருக்கும் வேலை போகும்.

பதினாறாம் தேதி கனகா மழையில் இரண்டு சாக்குப் பழம் பறித்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிட்டது. தங்கம்மா அன்று காலையின் முதல் பஸ்ஸிலேயே சேலம் போயிருந்தாள். மகள் வனிதா, தான் விரும்பிய மணி என்பவனைக் கட்டிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த நாள் அது. பெண்ணைத் தன் அக்கா மகனுக்குத்தான் கொடுப்பேன் என்று தங்கம்மாவின் கணவன் மாதப்பன் பிடிவாதமாக இருந்தார். அந்தக் கல்யாணத்துக்குத் துணை நின்றவர் யாராக இருந்தாலும் என் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று பிறகு ஊரறியச் சத்தம் போட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் தன் மனைவிதான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ரகசியத்துக்காகக் கனகா நனைந்த அதே பதினாறாம் தேதியை எடுத்துத்தான் தங்கம்மா அவள் வீட்டை இடிக்கிறாள்.

ஜீப்புக்கு ஏதோ பாகம் வாங்க வேண்டுமென்று சத்யராஜ் சேலத்தில் தங்கிவிட்டான். கனகா தனியாக பஸ் ஏறினாள். புறப்படும் நேரத்தில், மூச்சு வாங்க ஓடி வந்து ஏறியது தங்கம்மா. காலையில் தேவசிகாமணியின் காரில் வந்தவள். கார் வளைவுகளில் சுற்றினால் அவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும் என்று கனகாவுக்குத் தெரியும். கையில் எலுமிச்சம்பழம் வேறு. பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது, கனகாவின் பக்கத்தில்.

தங்கம்மா நுனியில் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் வந்தார். இருவரையும் பல வருடமாகப் பார்ப்பவர். "ரெண்டு வாழவந்திங்களா?"

"ஒண்ணுங்க. எனக்கு மட்டும்," என்றாள் கனகா.

"ஏனுங்க, சண்டைங்களா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. அவிங்களுக்குக் காரு வருமுங்க. தெரியாம பஸ்ஸு ஏறிட்டாங்க."

முன் சீட்டுக்காரர் சிரித்தார். தங்கம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னல் கனகாவின் பக்கம் இருந்ததால் கனகாவின் காதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பஸ் மலைப்பாதையின் ஐந்தாவது வளைவில் திரும்பியது.

"கனகா," என்றாள் தங்கம்மா.

"எம் பேரைச் சொல்லாதீங்க."

"கண்ணு, நாஞ்சொல்றதக் கேளு..."

"கண்ணா? கோர்ட்டுல வாயைத் தொறந்து எங்குரல்ல பொய் சொல்லிட்டு, பஸ்ஸுல வந்து கண்ணுங்கறயா நீ?"

பதினேழு வருடத்தில் தங்கம்மாவைக் கனகா ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. இருவருக்குமே அது கேட்டது. கனகா அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"உனக்கென்ன கனகா. ஜீப்பு இருக்குது, ஊட்டுக்காரன் தங்கமானவன். இந்த ஊடு இல்லீன்னா வேற ஊடு. எம்பொண்ணு ஏழு மாசம். குப்பனூர்ல டயர் கடை மாடியில ஒத்த ரூமு. செங்குத்துப் படி. நான் போயிப் பாக்கறதுக்கு எங்க ஊட்டுல என்ன பொய்யெல்லாம் சொல்ல வேண்டியிருக்குது, உனக்குத் தெரியும். உங்க ஊடு காலியானா அவுளுக்கே வாடகைக்குத் தாரேன்னாரு தேவசிகாமணி. பக்கத்துலயே இருப்பா. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பேசிக்கலாம். ஒரு வாய் ரசம் எடுத்து நீட்டலாம்."

"என்னைத் தொரத்திட்டு எங்க அடுப்படியில உம்பொண்ணுக்கு ரசம் நீட்டுவ."

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்றது? அந்தாளு உம்பொண்ணுக்குக் குடுப்பான்னு நம்புனயா? ஊட்டை இடிச்சு ஆறு ரூமு கட்டறதுக்குப் படமே போட்டு வெச்சிருக்கான். வக்கீலு காட்டுச்சு, எங்கண்ணால பாத்தேன். நீ பாத்தேன்னு சொன்னயே அந்த மாதிரி இல்ல, நெசமாவே பாத்தேன்!"

குரல் உயர்ந்துவிட்டது. பின்னால் யாரோ, "மெதுவாப் பேசுங்கம்மா, குழந்தை தூங்குது," என்றார்கள்.

தங்கம்மாவின் முகம் கொஞ்சம் தடுமாறியது. அதை மறைக்க அவளுக்கும் கோபம் தேவைப்பட்டது. "உன் வக்கீலு ரைட்டரைக் கூப்பிட்டிருக்குதாமா. தேவசிகாமணி சொன்னாரு. செக்ரோலைக் காட்டப் போறீங்களா? காட்டு. கனகாதான் எனக்குப் பேர் குடுத்தான்னு சொல்லிப்போடுவேன். நான் காச்சல்ல ஊட்டுல கெடந்தேன்னு சொல்லுவேன். ரோலும் போவும், என் வேலையோட உன் வேலையும் போவும். ரோசனை பண்ணிக்க."

கனகா அவளை முதல் தடவையாக நேருக்கு நேராகப் பார்த்தாள். மழையில் இரண்டாவது சாக்கைத் தோளில் தூக்கியபோது முதுகில் பிடித்த பிடிப்பு அந்த வாரம் முழுக்க விடவில்லை. அந்த வாரம் முழுக்க இந்தத் தங்கம்மாதான் வந்து எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். அந்தக் கைகள் இப்போது மடியில், எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிடந்தன.

"எந்திரி," என்றாள் கனகா.

"என்ன?"

"எந்திரிச்சு வழி விடு. நான் நின்னுட்டு வாரேன்."

மீதி வளைவுகள் முழுவதும் கனகா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். தங்கம்மாவின் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் யாரும் போய் உட்காரவில்லை.

வீட்டில் சத்யராஜிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவன் பாதி கேட்டதுமே குதித்தான். "அவ சொன்னாச் சொல்லட்டும். நீ 'பேர் குடுக்கவே இல்ல'ன்னு சொல்லிடு. ரோலு இருக்குது, ரைட்டர் எழுத்து இருக்குது. உன்னை நம்புவாங்களா, அவளை நம்புவாங்களா?"

"அப்ப நானும் கூண்டுல ஏறிப் பொய் சொல்லோணும்."

"அவ சொல்லலையா?"

"அதுக்குத்தானுங்க எனக்கு இப்படி எரியுது! அவ பண்ணுன அதையே நானும் பண்ணிட்டு வந்து உங்களுக்குச் சோறு போடோணுமா?"

சத்யராஜ் தட்டைப் பார்த்தான். பின்பக்கச் சுவர் இருந்த இடத்தில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. அதற்கு அந்தப் பக்கம் தங்கம்மா வீட்டு விளக்கு தெரிந்தது. "ஊடு போயிரும் அம்மிணி. பாப்பா பத்தாவது எழுதற வருசம்," என்றான் மெதுவாக.

"தெரியும். அதுக்குத்தான் ஞாயித்துக்கெழமை குப்பனூர் போறேன்."

டயர் கடை மாடிப் படி தங்கம்மா சொன்னது போலவே செங்குத்தாகத்தான் இருந்தது. அது உண்மையாக இருந்ததும் கனகாவுக்குக் கோபத்தையே மூட்டியது. வனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "வாங்க சித்தி" என்றவள், கனகாவின் முகத்தைப் பார்த்ததும் டம்ளரை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

கனகா சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். வனிதாவுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

"நான் ஊடு கேக்கலையே சித்தி," என்றாள். பிறகு அதையே இன்னும் சத்தமாகச் சொன்னாள். "நான் எப்பக் கேட்டேன்? நீங்க இருக்கற ஊட்டை? எங்கம்மாவுக்கு என்ன பைத்தியமா?" உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். "எனக்குப் பரிஞ்சுக்கிட்டுப் பண்ணுச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எம்பேரு அதுல இருக்குமா இருக்காதா? நாளைக்கு நான் அந்த ஊட்டுல எப்படித் தூங்கறது?"

அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். திருமணப் பதிவின் சான்றிட்ட நகல். தேதி, பதிவு நேரம் காலை பதினொன்று ஐந்து, மாப்பிள்ளை, பெண், கீழே மூன்று சாட்சிகள். முதல் சாட்சி தங்கம்மா, கணவர் பெயர் மாதப்பன். எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நட்டு வைத்த மாதிரி இருந்தன.

"எங்களுக்கு இதுல மறைக்க ஒண்ணுமில்ல சித்தி. மறைக்கறது அம்மா மட்டுந்தான். அப்பாவுக்குத் தெரிஞ்சா ஊட்டை உட்டு வெளிய போகப் போறதும் அம்மாதான்." காகிதத்தை நீட்டியவள் விடாமல் பிடித்திருந்தாள். "ஒண்ணே ஒண்ணு. மொதல்ல வாயில கேளுங்க. உண்மையைச் சொல்ல ஒரு தடவை இடம் குடுங்க. சொல்லிட்டா இதை வெளிய எடுக்க வேண்டாம்."

"சொல்லாட்டி?"

வனிதா காகிதத்தை விட்டாள்.

விசாரணை நாளன்று கோர்ட் வராந்தாவில் பர்ஹானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ரைட்டர் ரோலைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருக்காரு. இப்ப வந்து அது பொய்ங்கறீங்க. உங்களை மாதிரி ரெண்டு பார்ட்டி கிடைச்சா நான் வக்கீல் வேலையை விட்டுட்டு எங்கப்பா கடையிலயே உக்காந்துக்கலாம்." காகிதத்தைப் படித்துப் பார்த்தவள் அடங்கினாள். "சரி, ரோல் நமக்கு வேண்டாம். ஆனா நீங்க பேர் குடுத்ததை நீங்களே கூண்டுல சொல்லணும். மறைச்சா இந்தக் காகிதமும் செல்லாது. வேலைக்கு ஆபத்து வரும், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

உள்ளே மாதப்பன் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மனைவி கோர்ட்டில் பேசுவதைப் பார்க்கத் தேவசிகாமணியே காரில் அழைத்து வந்திருந்தார். மாதப்பனைப் பார்த்த பிறகும் கனகாவின் கோபம் குறையவில்லை.

தங்கம்மா கூண்டில் ஏறினாள்.

"பதினாறாம் தேதி காலையில எங்க இருந்தீங்க?" என்று பர்ஹானா கேட்டாள்.

"எங்கூட்டுலதானுங்க. காச்சலுங்க." தயாராக வைத்திருந்ததை அவள் உடனே எடுத்து வைத்தாள். "எஸ்டேட்டு ரோலுல எம்பேரு இருக்குமுங்க. அது கனகா பொய்யாக் குடுத்த பேருங்க. அவ அப்படித்தானுங்க, துணிஞ்ச பொம்பளை."

பெஞ்சில் ரைட்டர் அங்கப்பனின் வாய் திறந்தது. கனகா பல்லைக் கடித்துக்கொண்டாள். துணிஞ்ச பொம்பளை!

"காய்ச்சல்ல படுத்திருந்தீங்க. சரி. சேலத்துக்கு எதுவும் போகலையே?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அன்னைக்குக் காலையில, ஏதாவது ஒரு ஆபீசுக்கு?"

தங்கம்மாவின் கண் ஒரு கணம் மாதப்பனிடம் போய்த் திரும்பியது. "இல்லீங்க."

"மூணாவது தடவையா, கடைசியாக் கேக்கறேன். உங்களுக்காகத்தான் கேக்கறேன்."

"இல்லீன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

பர்ஹானா திரும்பிக் கனகாவைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடத்தில் கனகா தலையை ஆட்டாமல் இருந்திருக்கலாம். வெள்ளைச் சட்டையில் மாதப்பன், ஆஸ்பத்திரித் தரையில் விரித்த பாய், எல்லாமே அவள் கண்முன் வந்தன. கூடவே தார்ப்பாய்க்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கும் மகளும் வந்தாள்.

தலையை ஆட்டினாள்.

காகிதம் நீதிபதிக்குப் போய், எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போய், கூண்டின் விளிம்புக்கு வந்தது. "இந்தத் திருமணப் பதிவுல முதல் சாட்சிக் கையெழுத்து. பதினாறாம் தேதி, காலை பதினொன்று ஐந்து. இது யாரோட கையெழுத்து?"

தங்கம்மா காகிதத்தைத் தொடவில்லை.

தேவசிகாமணியின் வக்கீல் எழுந்தார். கைதேர்ந்தவர், உடனே ஒரு கதவைத் திறந்துவிட்டார். "சாட்சி அவ்வளவாகப் படிக்காதவங்க. அவங்க பேர்ல வேற யாராவது கையெழுத்துப் போட்டிருக்கலாம். பதிவுல இப்படிப் பொய்க் கையெழுத்து நடக்கறதுதான். அது உங்களுது இல்லைதானேம்மா?"

தங்கம்மா அவரையே பார்த்தாள். 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை போதும். கணவன் முன் மானம் தப்பும், தேவசிகாமணியின் வழக்கும் தப்பும். சொல்லிவிடுவாள், இவ்வளவு சொன்னவள் இதையும் சொல்லத்தான் போகிறாள் என்றே கனகா நினைத்தாள்.

"பொய்க் கையெழுத்துங்களா?" என்றாள் தங்கம்மா.

"அதாவது, நீங்க போடலைன்னு..."

"நாந்தானுங்க போட்டேன்." குரல் கிழிந்து வந்தது. "எம்பொண்ணு கண்ணாலத்துக்கு நான் போட்ட கையெழுத்துங்க அது. அதைப் பொய்யின்னு யாரும் சொல்லக் கூடாது. நாளைக்கு அந்தக் கண்ணாலமே பொய்யின்னு ஒருத்தன் வருவான். நான் போனேன். பஸ்ஸுல போனேன். எங்கையால போட்டேன்."

"அப்போ வீட்டுல இருந்து சுவர் இடிச்சதைப் பாத்தது?" என்றார் நீதிபதி.

"பாக்கலீங்க."

"அதை யார் சொல்லச் சொன்னது?"

தங்கம்மா தேவசிகாமணியைக் கையால் காட்டினாள். "எம்பொண்ணுக்கு ஊடு தாரேன்னாருங்க."

பின் பெஞ்சில் மாதப்பன் எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்தபடி, மனைவி நின்ற பக்கம் திரும்பாமல் வெளியே போனார்.

அடுத்துக் கனகாவின் முறை. பேர் கொடுத்ததை அவள் மறைக்கவில்லை. எந்தக் குரலில் கொடுத்தாள், எத்தனை சாக்குப் பழம் பறித்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். "தப்புங்க. ஆனா அன்னைக்கு அது ஒரு பொண்ணு கண்ணாலத்துக்காகப் பண்ணுனது. இன்னைக்கு வந்து அதை எங்கழுத்துக்கே கத்தியா வெப்பாங்கன்னு நினைக்கலீங்க." தட்டச்சு செய்தவர் 'கத்தி' என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று நீதிபதியைப் பார்த்தார். "அப்படியே எழுதுங்க," என்றார் அவர்.

பொய்ச் சாட்சி சொன்னதற்கும் சொல்ல வைத்ததற்கும் என்ன தண்டனை என்று நீதிபதி நிதானமாக விளக்க ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் தேவசிகாமணியின் வக்கீல், மனுவைத் திரும்பப் பெற அனுமதி கேட்டார். நீதிபதி அனுமதிக்கவில்லை, மனுவைத் தள்ளுபடி செய்தார். இரண்டு மாதத்துக்குள் சுவரைக் கட்டித் தர வேண்டும் என்றும், பொய்ச் சாட்சி பற்றித் தேவசிகாமணி எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் சத்யராஜ் அழுதேவிட்டான். பர்ஹானா சிரித்தாள். ரைட்டர் அங்கப்பன் மட்டும் செக்ரோலை மார்போடு பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "பத்து நாளைக்கு வேலைக்கு வராத கனகா. அதுக்கப்பறம் தொரை என்ன சொல்றாரோ. எனக்கும் என்ன வருமோ தெரியல. உங்குரலை நான் எப்படி அடையாளம் தெரியாம விட்டேன், சொல்லு?"

"பனிங்க," என்றாள் கனகா.

ஜெயித்துவிட்டோம் என்று சத்யராஜ் மகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். கனகாவின் உடம்பில் இன்னும் சூடு தணியவில்லை. கோர்ட் வாசலில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், தங்கம்மா தனியாக நின்றுகொண்டிருந்தாள். தேவசிகாமணியின் கார் எப்போதோ போயிருந்தது. மாதப்பனையும் காணோம்.

கனகா அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினாள்.

"அவரு என்னை ஊட்டுக்குள்ள விட மாட்டாரு கனகா," என்றது பின்னால் குரல்.

கனகா நின்றாள். திரும்பவில்லை. "அதை எதுக்கு எங்கிட்டச் சொல்ற?"

"வேற யாருகிட்டச் சொல்லுவேன்?"

அந்தக் கேள்வி கனகாவைக் கொளுத்தியது. எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் இதைக் கேட்க வரும்! திரும்பி ஓர் அறை விட்டால்கூடத் தகும் என்று தோன்றியது. திரும்பினாள். தங்கம்மாவின் உதடு வெளுத்திருந்தது. காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள்.

கனகா போனை எடுத்து வனிதாவைக் கூப்பிட்டாள். "உங்கம்மா கோர்ட்டு வாசல்ல நிக்குது. மாப்பிள்ளையை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு. இன்னிக்கு அங்கதான் தங்கோணும். ஆமா. எல்லாம் சொல்லிடுச்சு. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. இல்ல, அழுகல. வரச் சொல்லு சீக்கிரம்."

போனை வைத்தாள். சத்யராஜ் பஸ் நிலையம் போகும் பக்கம் கையைக் காட்டிக் கூப்பிட்டான். அவள் வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு, எதிர்க் கடைக்குப் போய் ஒரு பன்னும் டீயும் வாங்கி வந்து தங்கம்மாவின் கையில் திணித்தாள்.

"கனகா..."

"பேசாத. உன்னை நான் மன்னிக்கல. எப்ப மன்னிப்பேன்னும் தெரியாது. மணி வண்டி வர்ற வரைக்கும் நிக்கறேன். அதுக்கு மேல எங்கிட்ட எதிர்பாக்காத."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, மதிய வெயிலில், நான்கு அடி தள்ளி நின்றார்கள்.